பிழை எண் 4417

அக்யுரெய்ரியில் பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிட்டது.
அலுவலகத்தில் ஹீட்டர் பழுது.
கம்பளிமேல் கம்பளி போட்டுக்கொண்டு இர்சா
விளையாட்டைச் சோதிக்கிறாள்.

திரையில் பனிமலை.
கடையில் வாங்கிய கவசம்
வீரன் மாட்டினால்
கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்பு.
அதையே, அதே காசுக்கு,
வீராங்கனை மாட்டினால்
இரண்டு கிண்ணம், ஒரு வார்,
மற்றதெல்லாம் காற்று.
தற்காப்புப் புள்ளி இருவருக்கும் தொண்ணூறு.

மீதி இரும்பு எங்கே?
மூட்டையைத் திறந்து பார்த்தாள்.
ரொட்டி, கயிறு, மூன்று மருந்துப் புட்டி.

ஓநாய் பாய்ந்து தொப்புளைக் கவ்வியது.
'டங்' என்றது தொப்புள்.

இர்சா எழுதினாள்:
வயிற்றில் கடித்தால் இரும்புச் சத்தம் வருகிறது.
வயிற்றில் இரும்பு இல்லை.

மறுநாள் தோர்கெல் பதில் போட்டிருந்தான்:
சரிசெய்தாயிற்று.

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தாள்.
அதே மலை, அதே ஓநாய்,
அதே தொப்புள்.
சத்தத்தை மாற்றியிருக்கிறார்கள்.
இப்போது சதை கிழிகிறது,
ஈரமாக,
வெகு துல்லியமாக.

ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டு
விறைத்த விரலால் தட்டினாள்:

பிழை எண் 4418.
இவளுக்குக் குளிரவே இல்லை.