சூப்புக்குக் காசில்லை

அதிகாலை நாலு இருபதுக்கு ஹெட்செட்டைக் கழற்றினோம்.
ஓஹையோவில் யாருக்கோ
வந்துசேராத காப்பி மெஷினுக்காக
நான் கடைசி மன்னிப்பைக் கேட்டு முடித்திருந்தேன்.
மேலாளர் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.
பிறகு இலோங்கோவில்.
எங்கள் பேச்சில் கோபம்கூடத் தாலாட்டுப் போலிருக்கும்;
இரண்டாவது நன்றியில்தான் புரிந்தது
வேலை போய்விட்டதென்று.

பன்னிரண்டு பேர்.
லிஃப்ட்டில் இரண்டு தடவையாக இறங்கினோம்.
யாரும் வீட்டுக்கு ஜீப்னி பிடிக்கவில்லை.
போனால் சொல்ல வேண்டும்.
"பசிக்குது" என்றான் ஜூன்ரே.
பொய்தான்.
எல்லோரும் அதன் பின்னால் நடந்தோம்.

லா பாஸ் சந்தைக்குள்
மனாங் கிரிசாந்தாவின் கடையில் மட்டும் விளக்கு.
பாச்சோய்:
மஞ்சள் நூடுல்ஸ், ஈரல் துண்டுகள்,
மேலே நொறுக்கிப்போட்ட பன்றித்தோல் வறுவல்,
சூட்டிலேயே வெந்துகொள் என்று
உடைத்துவிட்ட ஒரு முட்டை.
காலிக் கிண்ணத்தை நீட்டினால்
மறுபடி சூப்பு ஊற்றுவாள்.
அதற்குக் காசில்லை.
ஆர்விக் நாலு முறை நீட்டினான்.
எங்கள் முகங்களைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை,
அண்டாவின் அடியிலிருந்து
எலும்பைக் கிளறிவிட்டாள்.

ஆறு மணிக்கு எட்டுப் பேர், காப்பிக்கடையில்.
வடிகட்டும் துணி கறுத்துக் கறுத்து
யாரோ மறந்துபோன காலுறையாகத் தொங்கியது.
செய்தித்தாள் கிழவர்கள் கேட்டார்கள்:
"நைட் ஷிஃப்ட் முடிஞ்சுதா?"
முடிஞ்சுது என்றோம்.
அன்று நாங்கள் சொன்ன முதல் உண்மை.

பத்து மணிக்கு ஐந்து பேர்.
மோலோவில், தேவாலயத்துக்கு எதிரே.
பான்சித் மோலோவுக்குப் பெயரில் நூடுல்ஸ் உண்டு,
கிண்ணத்தில் கிடையாது;
மெல்லிய மாவில் முடிந்த கறிதான் மிதக்கும்.
"என் பதவி மாதிரி" என்றாள் ரோடலின்.
கழுத்து அட்டையில் இன்னும்
மூத்த ஆலோசகர் என்றிருந்தது.
சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.
அடங்கியதும் அவள் டிஷ்யூவில் கணக்கு எழுதினாள்.
மோட்டார் சைக்கிள் தவணை,
தம்பியின் நர்சிங் படிப்பு,
அப்பாவின் சர்க்கரை மாத்திரை.
சூப்புப் பட்டு மை கலங்கியது.
ஒரு பூஜ்யம் அழிந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டாள்.

மதியம் மழை. ஜூன்ரேயும் நானும்.
ஆற்றங்கரையில் தகரக் கூரைக்கடியில்
கட்யோஸ் பயறு, பன்றிக்கறி, பலாப்பிஞ்சு,
புளிப்புக்குப் பத்வான் காய்.
குழம்பு ஊதா நிறம்,
சட்டையில் விழுந்தால் போகாது.
பள்ளிச் சீருடைகள், வங்கிக்காரர்கள்,
மீன்கூடையோடு ஒருத்தி,
உட்கார இடமில்லாமல் நின்றபடி சாப்பிடுகிறார்கள்.
"ஆறு வருஷம்" என்றான் அவன்,
"வேறு யாருடைய பகலிலோ விழித்திருந்தோம்.
நம் ஊரில் மதியம் இவ்வளவு சத்தம் போடுமென்று
உனக்குத் தெரியுமா?"
தெரியாது.
இன்னொரு தட்டுச் சோறு சொன்னோம்.

மீதியை பிளாஸ்டிக் பையில் ஊற்றி
முடிச்சுப் போட்டுத் தந்தார்கள்.
ஜீப்னியில் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.
பக்கத்திலிருந்தவர் நகர்ந்து இடம்விட்டார்,
குழந்தை என்று நினைத்திருப்பார்.

வாசலிலேயே எல்மார்:
"காவோன் தா." வா, சாப்பிடலாம்.
எங்கள் ஊரில் முதல் வார்த்தை அதுதான்,
திருடன் வந்தாலும்.
நாலு கடையில் தின்றவள் உட்கார்ந்தேன்.
ஈரக் கைக்கு முடிச்சு அவிழவில்லை.
அவன் வாங்கிப் பல்லால் கடித்தான்.
சூப்பு இன்னும் சுட்டது.

"எல்மார், இன்னிக்கு ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

கிண்ணத்தை நீட்டினான்.
"முதல்ல ஊத்து."