பன்னிரண்டில் ஒன்பது

ஒரே ஞாயிற்றுக்கிழமை,
ஒரே வீதி, மூன்று வண்டி.
ஹட்டனிலிருந்து வட்டவளை வரை இறங்கி,
திரும்ப ஏறி.

முதலில் ஆல்டோ.
தரகர் நஸ்லிம் பொனட்டைத் தட்டி
"குதிரை, மிஸ்" என்றார்.
குதிரை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இருமியது.
ஏசியை அணைத்தோம், கண்ணாடி மூடுபனியானது.
ஏசியைப் போட்டோம், குதிரை யோசிக்க ஆரம்பித்தது.
டெல்ஃபின் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்குத் தெரியும் அவள் பார்த்தது முள்ளை இல்லை.
அந்த வருஷம்
கியூஆர் காட்டி நாலு லீட்டர் வாங்க
அவள் தம்பியின் ஆட்டோவுக்குள்
நான் இரண்டு இரவு சுருண்டு கிடந்ததை,
இரவு டியூட்டி முடிந்து
டிக்கோயாவிலிருந்து நோர்வூட்டுக்கு
வெள்ளைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
அவள் நடந்து வந்ததை.

அப்புறம் அக்வா.
சத்தமில்லாமல் கிளம்பி, முதல் வளைவில்
கூட்டத்தில் தூங்கி விழித்தவர் போல
எஞ்சின் திடுமெனப் பேசத் தொடங்கியது.
"ஹைபிரிட் பெட்டரி மாற்றியாச்சு."
எப்போது?
"இப்பதான்."
மெக்கானிக் பிரசன்ன பின்சீட்டைத் தூக்கினார்,
மோந்து பார்த்தார்,
மெதுவாக மூடினார்.
விலையைக் கேட்டதும் நாங்களும் எதையோ மூடினோம்.
ஆறு வருஷ லீசிங்:
அவள் ஓவர்டைம் முழுக்க, என் டியூஷனில் பாதி.

கடைசியாக லீஃப்.
பெட்டரியில் பன்னிரண்டு கட்டம்,
எரிவது ஒன்பது.
"மூன்று எங்கே?"
"வயசு, மிஸ். எனக்கும் மூன்று பல் இல்லை."
வாயைத் திறந்து காட்டினார். பொய்யில்லை.

இறங்கினோம்.
நாற்பத்தொன்று என்றிருந்த எண்
நாற்பத்திரண்டானது.
அருவி வளைவு தாண்டி நாற்பத்து மூன்று.
நின்ற நாடி திரும்புவதைப் பார்ப்பது போல
டெல்ஃபின் குனிந்து பார்த்தாள்.
இத்தனை காலம் இறக்கம் எங்களுக்குத் தந்தது
முழங்கால் வலி மட்டும்தானே.

ஏறும்போது இருபத்தாறு.
மலை கொடுத்தது இரண்டு, பிடுங்கியது பதினேழு.
நுண்கடன்காரன் தேவலை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதில் கொழும்புக்குப் போக முடியாதே?"
அதிபர் கேட்டார். லீசிங் ஆபீசர் கேட்டார்.
கத்தாரிலிருந்து என் அண்ணன்
இரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டான்.
டெல்ஃபின் விரல் மடக்கினாள்.
போன வருஷம் பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை.
இதே அண்ணனை பிளேன் ஏற்ற ஒருமுறை.
மூன்றாவது விரல் மடங்கவில்லை.
"கொழும்புக்கு பஸ் இருக்கு.
விடியக்காலை மூன்றரைக்கு
டிக்கோயாவுக்கு என்ன இருக்கு?"

வாங்கிய பிறகுதான் படிகள் ஞாபகம் வந்தன.
வீதியிலிருந்து எங்கள் லயத்துக்கு
கீழே அறுபத்திரண்டு.
அவ்வளவு நீள வயர் எவரிடமும் இல்லை.
இருந்தாலும்,
யாராவது அயன் போட்டால்
ரைஸ் குக்கர் சாகிற வரிசை இது,
காரையும் சேர்த்துத் தூக்குமா?
வீதியோரக் கடை பரமானந்தம்
பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த பிளக்கைக் காட்டினார்.
தனி மீட்டர் பூட்டினோம்.
மாதக் கடைசியில் கணக்கு, நடுவில் கதை இல்லை.

இன்றிரவு சரியான மழை.
காசல்ரீயில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருக்கும்.
அது குழாயில் இறங்கி, நோர்ட்டன் பிரிட்ஜில் சுழன்று,
கம்பியேறி ஊரெல்லாம் போய்
இந்தக் கடையின் ஷட்டருக்கு அடியால்
ஒரு செம்மஞ்சள் வயராக வெளியே வருகிறது.
மழை எங்களுடையது.
பில் கொழும்பிலிருந்து வரும்.

மூன்று மணி. குடையோடு படியேறுகிறேன்.
கீழே கதவில் நின்று டெல்ஃபின்,
"எத்தனை?"
"எழுபத்தொன்று!"
"போதும், கழற்று."

கடை நாய்
வழக்கம்போல் சூடு தேடி வண்டியின் அடியில் படுத்து,
கிடைக்காமல் எழுந்து,
என்னைப் பார்க்கிறது.