கச்சானை எண்ணுதல்

புலிபாய்ந்தகல் றோட்டில்
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
"உள்ளே என்ன?"
"காற்று" என்றேன்.
சீருடைப் பொடியன் சிரிக்கவில்லை.
குழாயை முகர்ந்தான்,
பியூட்டனோல் நெடிக்கு முகம் சுளித்தான்.
படிவத்தில் 'பொருட்களின் எண்ணிக்கை' என்றொரு கட்டம்.
ஒன்று என எழுதினேன்.
பொய்தான்.

தரவைக் குளக்கட்டில்
நீர்ப்பாசனக் கந்தோரின் கூரையில் பொறி உறுமியது.
எட்டு மணிக்கு எண்ணூறு.
ஒன்பதுக்கு எண்ணூற்றுப் பத்து.
எருமைகள் தண்ணீரில் இறங்கிப் படுத்தன.
பத்தேகாலுக்கு இலக்கம் துள்ளியது,
நாலாயிரம், ஆறாயிரம்,
பதினோராயிரம்,
ஒரு கன சென்ரிமீற்றருக்குள்.

உழவு மெசின் ஏதும் போச்சோ?
ஏணியால் இறங்கி ஓடிப் பார்த்தேன்.
தயிர்ச் சட்டி கட்டிய பரஞ்சோதியின் சைக்கிள் மட்டும்.
மற்றபடி கச்சான்,
மேற்கே காட்டைத் தடவி
அனலாய் வந்துகொண்டிருந்தது.

பாலையும் வீரையும் முதிரையும்
வெயில் பொறுக்காமல் விட்ட மூச்சு.
இலையை விட்டபோது வெறும் வாசம்,
எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை.
வழியில் ஓசோன் கடித்தது.
கடிபட்ட துண்டுகள் பிசுபிசுத்து
ஒன்றோடொன்று ஒட்டி
துணிக்கையாய்ப் பிறந்தன,
மயிரின் தடிப்பில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு.
பொறிக்குக்கூட அது கண்ணில் படாது.
ஆவியை ஊட்டிக் கொழுக்க வைத்து
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தின் முன் நடத்தி
எண்ணும்.
ஒற்றை வரிசை, முகத்தில் வெளிச்சம்.
எனக்குப் பழகிய வரிசைதான்.

"மழை வருமா மிஸ்?" பரஞ்சோதி கேட்டார்.
இந்தத் தூள் இன்னும் முப்பது மடங்கு பருக்க வேண்டும்,
பிறகுதான் ஈரம் இதில் வந்து குந்தும்,
பிறகு முகில்,
பிறகும் நிச்சயமில்லை என்றேன்.
"அப்ப வராது" என்று மிதித்துப் போனார்.

இரண்டு மணிக்கு இலக்கம் இறங்கியது.
பருத்தவை கிழக்கே, கடலுக்கு மேல், போயிருக்கும்.
அங்கே எண்ண எனக்குக் கூரையில்லை.

பின்னேரம் அதே சாவடி, அதே பொடியன்.
பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.
கையை விரித்து, எவ்வளவு என்றான்.
பதினோராயிரத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல்
குடும்பிமலையைக் காட்டினேன்.
மலைக்கும் எங்களுக்கும் நடுவே
மரங்களின் மூச்சு தொங்கியது;
அந்த நிறத்தில் ஒரு பங்கு அதனுடையது.

கிளம்பப் போன நேரம்
"நில்" என்றான்.
கால் தானாய் பிரேக்கில் ஊன்றியது,
நெஞ்சு அடித்தது.
அவன் என்னைப் பார்க்கவே இல்லை.
மலையைப் பார்த்து
மறுபடி சொன்னான், மெதுவாக:
நில்.
அவன் மொழியில் அது நீலம்.

நின்றோம்,
பின்னால் ஒரு உழவு மெசின்
கறுப்பாய்ப் புகைத்து ஹோண் அடிக்கும்வரை.