அஹோய்

இந்த நாட்டில் கடல் இல்லை.
ஆனாலும் தெருவில் எதிர்ப்பட்டால்
மாலுமிகளைப் போல அஹோய் என்போம்.
ஏனென்று கோஷிட்சே நகரில் யாரைக் கேட்டாலும்
தோளைத்தான் குலுக்குவார்கள்.

பழைய மாவு மில்லின் கீழ்த்தளத்தில்
பதினோரு சர்வர்கள்.
இருபது வருடத்துக்கு முன் ஒன்றே ஒன்று,
ஜெல்மீரா வீட்டுக் குளியலறையில்.
அவள் துணி துவைத்தால்
பாதி நகரம் இணைப்பை இழக்கும்.

அப்போது உள்ளே வர அழைப்பு வேண்டும்,
எனக்கு இவனைத் தெரியும் என்று
யாராவது சொல்ல வேண்டும்.
பிறகு கதவைக் கழற்றினோம்.
பிறகு சுவரை.
இதயம் வைத்தோம், இதயங்களை எண்ணி வைத்தோம்.
இழுக்க இழுக்கத் தீராத பக்கம்
என் வேலை.
ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முடித்துவிட்டு
பியர் குடிக்கப் போனேன்.
அடியில்லாத கிணறு தோண்டினவன்
அவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருக்கக் கூடாது.

பெரிய கடைகள் வந்தன.
சனம் போனது, ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல்.

இன்று மூடுகிறோம்.
படங்களை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தந்திருந்தோம்.
ஆறு நாள் ஈ ஓட்டினோம்.
ஏழாம் நாள் இரவு
மின்விசிறிகள் ஊளையிட ஆரம்பித்தன.
கடவுச்சொல் மறந்தவர்கள்
நாய்களின் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள்.
செத்துப்போன நாய்கள்
ஒவ்வொன்றாய் வந்து கதவைத் திறந்தன.

ஜெல்மீரா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
2007 அக்டோபர்.
வ்ராட்கோ என்ற வெல்டர்
மிலோட்டா என்பவளுக்கு அனுப்பிய நட்பு அழைப்பு.
ஏற்க. மறுக்க.
இரண்டையும் தொடாமல் அத்தனை வருடம்.
11.52க்கு அவள் ஏற்றுக்கொண்டாள்.

அவன் உள்ளே இல்லை.

பன்னிரண்டு அடித்தது.
ஜெல்மீரா காபி போடப் போனாள்,
அவள் இரவில் காபி குடிப்பதே இல்லை.
நான் கேபிள்களுக்கு
தேவையில்லாத லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
12.40 வரை பார்த்தோம்.
அவன் வரவில்லை.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது:
பெயர்களை நீக்கி, வாக்கியங்களை விற்றாயிற்று,
பேசப் பழகும் ஓர் இயந்திரத்துக்கு.
எங்கள் சண்டைகள், எழுத்துப்பிழைகள்,
காணாமல்போன சைக்கிளுக்கு எழுதிய வசவுகள்,
எல்லாம் அதற்குப் பாடம்.
மிலோட்டா செய்தது மட்டும் அதில் சேராது.
பொத்தானைத் தொடுவதில்
எழுத்து ஒன்றும் இல்லையே.

நாளைக்கு ஏதோ துறைமுக ஊரில்
தூக்கம் வராத ஒருத்தி அதனோடு பேசுவாள்.
அஹோய் என்று அது ஆரம்பிக்கும்.
பக்கத்துக் கப்பல்களிடம் கற்றதென்று நினைப்பாள்.
அலையைப் பார்க்காத நாங்கள்
ஒருவர் சுவரில் ஒருவர் கிறுக்கியது அது.

மெயின் சுவிட்சை இறக்கினேன்.
மாடியில் எலி ஓடுவது
அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.
ஜெல்மீரா கோட்டை மாட்டிக்கொண்டு
படியேறுகையில் திரும்பி, அஹோய் என்றாள்.

இங்கே
போய் வருகிறேன் என்பதற்கும்
அதே சொல்தான்.