மூன்றாம் ஜன்னல்

பிட்டர் க்ரீக் மாவட்ட அலுவலகத்தில்
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.
நாய் உரிமம், கிணற்று நீர்ச் சோதனை,
போன வருடத்திலிருந்து
வீட்டில் சமைத்து விற்பவர்களும் இங்கேதான்.

ரொட்டி விற்கலாம். பிஸ்கட் விற்கலாம்.
பழம் வைத்த பை விற்கலாம்,
முட்டையும் பாலும் ஊற்றிய பை கூடாது.
ஊறுகாய் என்றால் புளிப்பை அளந்து காட்டவேண்டும்.
பூண்டை எண்ணெயில் போட்டு மூடிக் கொண்டுவந்தால்
என்னைத் தாண்டிப் போகாது,
ஆளைக் கொல்லும் கிருமி அதில் வளரும்.
லவேர்ன் ஸ்ட்ரூபிக்கு அவருடைய சீஸ்கேக்கைப் பற்றி
இரண்டு முறை விளக்கினேன்.
மூன்றாம் முறை ஒரு துண்டோடு வந்தார்.
விளக்கம் மாறவில்லை.
துண்டு நன்றாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் வந்தாள் அந்தப் பெண்.
படிவத்தில் பெயர் கோரின் ஹால்வொர்சன்.
பொருள்: ஹக்கிள்பெர்ரி ஜாம்.
எங்கள் மலைச் சரிவில் யாரும் நடாமல் முளைப்பது,
தோட்டத்தில் வைத்தால் முகம் திருப்பிக்கொள்வது,
கரடிகள் தின்றதுபோக மிச்சம் நமக்கு.
அவள் விரல்நுனிகள் ஊதாவாக இருந்தன.
பேனாவை எடுத்தவள் எழுதாமல் கேட்டாள்:
"லேபிளில் வீட்டு முகவரி கட்டாயமா?"

கட்டாயம். நான்காம் பிரிவு.
பெயர், முகவரி, சேர்மானம், செய்த தேதி,
பிறகு அந்த ஒரு வாக்கியம்:
'அரசு சோதிக்காத வீட்டில் செய்தது.'
"தபால் பெட்டி எண்?"
போதாது.
"ஃபோன் நம்பர்?"
போதாது.
யாருக்காவது வயிறு கெட்டால்
சமைத்த இடத்துக்கு ஆள் வந்தாகவேண்டும் என்றேன்.
அவள் சிரித்தாள்.
சிரிப்பென்று சொல்ல முடியாது.
"வரக்கூடியவன் ஒருவன் இருக்கிறான்.
வயிறு கெட்டு இல்லை."

முப்பத்தொரு வருடச் சர்வீஸில்
அதற்கென்று ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.
அவள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
எழுதியிருந்த பெயரும் நிஜமோ என்னவோ.

ஆகஸ்ட் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.
பேச மூன்று நிமிடம்.
ஊழியன் பேசலாமா என்பதிலேயே
ஒன்றரை நிமிடம் போயிற்று.
முகவரிக்குப் பதில் ஒரு எண் கொடுப்போம்,
முகவரி என் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கட்டும்,
வயிறு கெட்டால் நானே திறக்கிறேன் என்றேன்.
பாலம் பழுது, பனி அள்ளும் லாரிக்கு டயர்,
அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.
அக்டோபரில்.
அக்டோபரில் மலையில் பழம் இருக்காது.

சனிக்கிழமைச் சந்தையில்
லவேர்ன் மேசைக்கும் தேன்காரர் மேசைக்கும் நடுவே
ஆறடி இடம் சும்மா கிடந்தது.
ஒரு வாரம் கழித்து அதில்
யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள்.

தொழிலாளர் தின விடுமுறை முடிந்த செவ்வாய்,
ஜன்னலைத் திறக்கும்போது
வெளிவிளிம்பில் ஒரு பாட்டில்.
லேபிள் இல்லை.
மூடியில் ஒட்டிய டேப்பில் மட்டும்
'விற்பனைக்கு அல்ல.'

ஊழியருக்குப் பரிசு வந்தால்
பதிவேட்டில் எழுதவேண்டும், அது வேறு விதி:
கொடுத்தவர் பெயர், கொடுத்தவர் முகவரி.
பத்து டாலருக்குக் கீழே என்றால் வேண்டாம்.
பேனாவைத் திறந்துவைத்து
நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
சந்தையில் வைத்தால் பதினெட்டுக்குப் போகும்.
ஆனால் இதைச் சந்தையில் வைக்க முடியாது,
முடியாது என்று சொன்னவனே நான்.
விற்க முடியாததற்கு விலை ஏது?
பேனாவை மூடினேன்.

மதியம் பிரட்டில் தடவித் தின்றேன்.
இரண்டு மணிக்குத் தண்ணீர் மாதிரியோடு வந்தவர்
என் பல்லைப் பார்த்துவிட்டு
எங்கே கிடைத்தது என்றார்.

மலையில் என்றேன்.