கேள்வி பதினொன்று, உட்பிரிவு அ

பாரோவில் ஒரு பள்ளியின் உணவுக்கூடம்.
சாப்பாட்டு மேசைகளை நீளவாக்கில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள்.
இந்த வரிசை சுற்றுச்சூழல் அறிவியல்,
எதிர்வரிசை ஆங்கிலம்.
நடுவில் புகாரி அடுப்பு.
அதன் சூட்டுக்கு மட்டும் பாடப்பிரிவு கிடையாது.

பனி ஏரி உடைப்பு என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.
விடைக்குறிப்பில் குழப்பமே இல்லை:
உருகும் பனியாறு, அரை.
கற்குவியல் அணை, அரை.
திடீர் வெளியேற்றம், ஒன்று.
இந்தச் சொற்கள் இல்லாவிட்டால் பூஜ்ஜியம்
என்று கடைசி வரிக்கு அடிக்கோடு.
கோடு போட்டவள் நான்தான்,
போன ஜூலையில், திம்புவில், குழுக் கூட்டத்தில்.
சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாவது தாள்.
பெயர் இருக்காது. எண் மட்டும்,
முடிவில் எட்டு ஒன்பது எட்டு.

"ராத்திரி ஆற்றில் மண் வாசனை வருகிறது.
தண்ணீருக்கு முன்னால் வாசனை வருகிறது.
அப்பா முதலில் யாக்குகளின் கயிற்றை அறுக்கிறார்,
பிறகு எங்களை எழுப்புகிறார்.
காலையில் பாலம் பாதி இருக்கிறது.
அது எந்தக் கரையின் பாதி என்று
பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள்."

எங்கும் இறந்தகாலம் இல்லை.
எங்கள் தாளில் அதற்கு வெட்டக் கூடாது.
சொற்களைத் தேடினேன்.
பனியாறு இல்லை. அணை இல்லை.
'திடீர்' கூட இல்லை,
எப்படி இருக்கும், வாசனைதான் முன்னமே வந்துவிட்டதே.

பூஜ்ஜியம் போட்டேன்.
சிவப்புப் பேனா குளிரில் சரியாக எழுதவில்லை,
இரண்டு முறை சுழித்தேன்.

தேநீர் வேளையில் லோதய் சிரித்தபடி வந்தார்.
கோப்பையில் சுஜா, மேலே வெண்ணெய் மிதக்கிறது.
"'மறக்க முடியாத ஒரு நாள்' எழுது என்றால்
இந்தப் பிள்ளை அட்டவணை போட்டிருக்கிறது, பாருங்கள்.
ஏரியின் உயரம், பரப்பளவு, மூன்று வருடக் கணக்கு.
காரணங்கள். முடிவுரை.
ஒரு மனுஷன் இல்லை கட்டுரையில்!
இருபத்தைந்துக்கு ஆறு கொடுத்தேன்,
அதுவே இரக்கம்."

வாங்கிப் பார்த்தேன்.
உருகும் பனியாறு. கற்குவியல் அணை. திடீர் வெளியேற்றம்.
ஒன்றிலும் எழுத்துப்பிழை இல்லை.
மேல் மூலையில் எட்டு ஒன்பது எட்டு.

லோதயிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் கோப்பையை வைத்த இடத்தில்
என் தாள்கட்டின்மேல் ஒரு ஈர வட்டம்.

போட்ட மதிப்பெண்ணைத் திருத்தினால்
கையெழுத்திட வேண்டும், காரணம் எழுத வேண்டும்.
காரணத்துக்கான கட்டம் இரண்டு விரல் அகலம்.
தலைமைத் தேர்வாளர் ரின்சின் ஞெம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஒன்று கொடுத்திருக்கிறீர்கள். எந்தச் சொல்லுக்கு?"
"வாசனை."
"குறிப்பில் இல்லையே."
"இல்லை."
அவர் குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அடிக்கோடு யாருடையது என்று அவருக்கும் தெரியும்.
"அரை," என்றார். கையெழுத்துப் போட்டார்.
எந்த அரை என்று நானும் கேட்கவில்லை.

நானூற்றுப் பதின்மூன்றாவது தாளில்
மூன்று சொற்களும் இருந்தன,
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு.
இரண்டு போட்டேன்.
மூக்கருகே கொண்டுபோனேன்,
மைவாசனை மட்டும்.