இரண்டாயிரம் நம்பர்

பன்னிரண்டாம் வருட மாடல். மூன்றாவது உரிமையாளர் நான்.
முதல் ஆள் குளச்சலில்
கடலுக்கு முகம் காட்டி எட்டு வருடம் நிறுத்தியிருந்தாராம்.
உப்புக்காற்றும் வெயிலும் முறை வைத்துத் தின்றதில்
முகப்பு விளக்கு இரண்டும்
பழங்கஞ்சித் தண்ணீர் நிறம்.

போன மாதம் ஒரு வியாழன் ராத்திரி
ஆசாரிப்பள்ளத்தில் டூட்டி முடிந்து வருகையில்
திங்கள்சந்தை தாண்டிய வளைவில்
ஓரமாய் நடந்துபோன ஒருவரை
தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வைத்துத்தான் கண்டுகொண்டேன்.
ஹாரன் அடிக்க நேரமில்லை.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கருங்கல் வந்து, வீட்டுக்குள் வந்து, படுத்த பிறகும்
என் வலதுகால் பிரேக்கிலேயே இருந்தது.

மறுநாள் பற்பசை போட்டுத் தேய்த்தேன்.
மதிலுக்கு அப்பால் வில்பிரட் சார்:
"என்ன மக்களே, வண்டிக்குப் பல்லு தேய்ச்சு விடுதியா?"
புதினா வாசத்தோடு நாலு நாள் மினுங்கிற்று.
பிறகு அதே கஞ்சித்தண்ணீர்.

புது ஜோடிக்கு மார்த்தாண்டத்தில் சொன்ன விலை
அஜினின் இரண்டாம் டேர்ம் பீஸ்.
உப்புத்தாள் கேட்டேன்.
சுவருக்கா மரத்துக்கா என்றார் கடைக்காரர்.
விளக்குக்கு என்றேன்.
"அதுக்குப் புளி போட்டாப் போதுமே."

இன்று இரண்டாம் பூசைக்குப் பிறகு
அயனி மரத்து நிழலில் வண்டியை ஏற்றி
விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி
வாளித் தண்ணீரில் தாளை ஊறவிட்டு
வலப்பக்கத்தில் தொடங்கினேன்.
எண்ணூறு நம்பர். இடவலமாக.
மஞ்சள் பால் வழிந்தது
பம்பரில் இறங்கி நம்பர் பிளேட்டைத் தொட்டு
கீழே ஒரு சிரட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில்.
ரப்பர் வெட்டுகிற வீட்டில் பிறந்தவளுக்குப்
பால் வழிவதைப் பார்த்தால் கை தானே நிதானப்படும்.

ஆனால் துடைத்தபோது
விளக்கு இல்லை.
முன்பு மங்கலாகவாவது பல்பு தெரிந்தது.
இது நானே காசு கொடுத்து வாங்கிவந்து கெடுத்த வெள்ளை.

"கண்ணுல பூ விழுந்த மாதிரி ஆக்கிட்டியே!"
சார், நான் கண் வார்டில் பதினோரு வருடம்.
அங்கே யாரும் உப்புத்தாள் கேட்பதில்லை.
இது பிளாஸ்டிக்.

ஆயிரத்தைந்நூறு. மேலும் கீழுமாக,
எண்ணூறின் கோடுகள் போகும்வரை.
இரண்டாயிரம். மறுபடி இடவலமாக,
ஆயிரத்தைந்நூறின் கோடுகள் போகும்வரை.
கீறலைக் கீறலால்தான் அழிக்க முடிகிறது,
முந்தையதைவிடச் சிறியதொரு கீறலால்.
எங்கேயோ ஓரிடத்தில்
கண் அதை எண்ணுவதை விட்டுவிடுகிறது.
அதற்குத் தெளிவு என்று பெயர்.

பழைய பனியனில் பாலிஷ் தொட்டு
தோள் கடுக்கும்வரை சுற்றினேன்.
உள்ளே ஒரு ஈசல் சிறகு.
எந்த மழையில் நுழைந்ததோ,
இத்தனை நாளும் என்னோடு
நைட் டூட்டிக்கு வந்து போயிருக்கிறது.

வார்னிஷ் அடித்து முடிக்கவும்
வேளிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
இருபத்து நாலு மணிநேரம் நனையக் கூடாது என்கிறது டப்பா.
குடையை விரித்து பானட்டில் கட்டி
நானும் நனைந்தபடி பிடித்து நின்றேன்.
ஐந்தரைக்கு விட்டது.
ஏழரைக்கு டூட்டி.
இடப்பக்கம் தொடவே இல்லை.

இரணியல் இறக்கத்தில் எதிரே வந்த பஸ்காரர்
என்னை பைக் என்று நினைத்து நடுரோட்டுக்கு வந்தார்,
பிறகு பார்த்து ஒதுங்கினார், வாய் அசைந்தது.

வலப்பக்கம் ரோட்டின் நடுக்கோடு
புதுச் சுண்ணாம்பு போல.
மைல்கல்லில்லை, வேலியில்லை, ஆளில்லை,
கோடு மட்டும்.
இடப்பக்கம் பழைய மஞ்சள்.
அப்போதுதான் உறைத்தது:
மனிதர்கள் நடப்பது
இடது ஓரத்தில் அல்லவா.

இரண்டாம் கியரில் போனேன்.
பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
பக்கத்து சீட்டில் இரண்டாயிரம் நம்பர் தாள்
காய்ந்து, ஓரம் சுருண்டு,
வளைவுதோறும் என் பக்கம் சரிந்தது.